ஆஞ்சானும் தாமானும்: சிறு லக் பாய்ப்படகின் ஏற்றுகயிற்றை மேம்படுத்தல் – ஒரு மொழிபெயர்ப்பு நோக்கு

ஆங்கிலப் படகுக் கையேடுகளில் ஹால்யார்ட், ஷீட், டவுன்ஹால் என்னும் மூன்று சொற்களும் ஒரே பத்தியில் வருவது இயல்பு. மூன்றும் கயிறுகளைக் குறிப்பன. ஆகவே தமிழாக்கத்தில் மூன்றும் 'கயிறு' என்றே அமைந்துவிடுவதும், சற்றுக் கவனமாகச் செய்யப்பட்டால் 'மேல்கயிறு', 'கீழ்க்கயிறு' எனப் பிரிக்கப்படுவதும் எதிர்பார்க்கத்தக்கனவே. கதையொன்றில் இதனால் பெரிதாக எதுவும் கெட்டுவிடாது. செயல்முறைக் கையேட்டில் கெடும். திடீரெனப் பலத்த காற்று வீசும்போது அம்மூன்றனுள் ஒன்றை உடனே விட்டுவிட வேண்டும். மற்றொன்றை அதன்பின் இறக்க வேண்டும். மூன்றாவதை அந்நேரத்தில் தொடவே வேண்டியதில்லை. பெயர் குழம்பிய வாசகர் வரிசையை மாற்றிச் செய்வாராயின் படகு கவிழக்கூடும்.

சிறு லக் பாய்ப்படகு ஒன்றின் ஏற்றுகயிற்றமைப்பை மேம்படுத்துவது எவ்வாறு என்பதை விளக்கி, அவ்விளக்கத்தைத் தமிழில் தருங்கால் எந்தச் சொல்வேறுபாடுகள் காக்கப்பட வேண்டும் என்பதை இக்கட்டுரை காட்ட முயல்கிறது. பொருளை அறியாமல் சொல்லைத் தேர்வது இத்துறையில் இயலாது. எனவே பொருள் முதலிலும் சொல் பின்னரும் வைக்கப்படுகின்றன.

1. பாயும் அதைத் தாங்கும் மரங்களும்

லக் பாய் நாற்கோணமுடையது. அதன் மேல்விளிம்பு ஒரு குறுக்குமரத்தில் கோத்துக் கட்டப்பட்டிருக்கும். இக்குறுக்குமரத்தை ஆங்கிலத்தார் யார்ட் என்பர். தமிழ்க் கடல்வழக்கில் இது பருமல் எனப்படும். பருமல் தன் நடுப்புள்ளியில் தொங்குவதில்லை. முன்முனையிலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தள்ளித் தொங்கவிடப்படுகிறது. அதனால் பாயின் ஒரு சிறு பகுதி பாய்மரத்துக்கு முன்னும், பெரும்பகுதி பின்னும் அமைகின்றன. பருமலின் பின்முனை உயர்ந்து நிற்கும்.

இதில் மூன்று வகைகள் உண்டு. பாயின் முன்கீழ்முனை பாய்மரத்தின் அடியிலேயே கட்டப்படுவது நிலை லக். கீழ்மரமும் பாய்மரத்துக்கு முன்னே சற்று நீண்டு, பாய் முழுவதும் இருபுறமும் சமன்பட்டு நிற்பது சமன் லக். படகு காற்றுக்கு எதிராகத் திசைமாறும் ஒவ்வொரு முறையும் பருமலைப் பாய்மரத்தின் மறுபக்கத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருப்பது மாற்று லக். இறுதி வகைக்கு ஆள்பலம் தேவை. ஓரிருவர் செல்லும் சிறு படகுகளில் முதலிரண்டுமே வழங்குகின்றன.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு இவற்றுள் நன்கு அறிமுகமாகியிருக்கக்கூடியது ஆர்தர் ரான்சம் 1930இல் வெளியிட்ட 'சுவாலோஸ் அண்ட் அமேசான்ஸ்' என்னும் சிறுவர் நாவலில் வரும் 'சுவாலோ' என்ற படகாகும். இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தைக் களமாகக் கொண்ட அந்நாவலின் படகு நிலை லக் பாயுடையது. எர்னெஸ்ட் அல்டூன்யன் என்பார் 1928இல் தம் பிள்ளைகளுக்காக வாங்கிய இரு படகுகளே நாவலின் படகுகளுக்கு மூலம் என்பது அறியப்பட்ட செய்தி. பாயேற்றும் பகுதியில் பாய்மரத்தைச் சுற்றி மேலும் கீழும் நகரும் இரும்பு வளையம் ஒன்று பேசப்படுகிறது. அவ்வளையத்தின் கொக்கியில் பருமலின் கயிற்றுக்கண் மாட்டப்படும். ஏற்றுகயிறு வளையத்தை மேலே இழுக்கும். பருமலும் பாயும் உடன் செல்லும். இதனைச் சிறுவர் நாவல்தானே என்று மேலோட்டமாகப் பெயர்த்தால், பிள்ளைகள் எதை எதில் மாட்டினார்கள் என்பது தமிழ் வாசகருக்குக் கடைசிவரை விளங்காது. நாவலின் இன்பத்திற் பாதி அவ்விவரங்களில்தான் உள்ளது.

2. பழைய அமைப்பின் குறைகள்

பழைய அமைப்பு எளிது. ஒரு கயிறு, பாய்மர உச்சியில் ஒரு துளை, அடியில் கயிற்றைச் சுற்றிக் கட்ட ஒரு கொம்புக்கட்டை. கயிறு பருத்தியாலோ மணிலா நாராலோ ஆனது. (மணிலா நாரை ஆங்கிலம் 'ஹெம்ப்' என்ற சொல்லையும் சேர்த்து வழங்குவதால் அதைச் சணல் என்று பெயர்ப்பது எளிதில் நேரக்கூடிய பிழை. அது வாழைக் குடும்பத்தைச் சேர்ந்த அபாக்கா என்னும் செடியின் நார்.)

இவ்வமைப்பின் முதற்குறை கயிற்றின் நீட்சி. லக் பாயின் வடிவம் அதன் முன்விளிம்பு எவ்வளவு இறுக்கமாக நிற்கிறது என்பதைப் பொறுத்தது. காற்று வலுக்கும்போது சுமை கூடுகிறது. சுமை கூடக் கயிறு நீளுகிறது. கயிறு நீளப் பருமல் சில விரற்கடை இறங்குகிறது. முன்விளிம்பு தளர்ந்து பாய் வயிறு பெருக்கிறது. வயிறு பெருத்த பாய் படகை மேலும் சாய்க்கும். அதாவது, பாய் தட்டையாக இருக்க வேண்டிய வேளையிலேயே அது பெருத்துப்போகிறது. பாயின் மேல்முன்முனையிலிருந்து பின்கீழ்முனைவரை குறுக்கே ஓடும் சுருக்கம் முன்விளிம்புத் தளர்ச்சியைக் காட்டும் அடையாளமாகும்.

இரண்டாவது குறை உராய்வு. மரத்தில் இட்ட வெறுந்துளையின் வழியே கயிறு ஏறுவதும் கடினம், இறங்குவதும் கடினம். ஏறுவதில் உள்ள கடினம் கையை வருத்தும்; இறங்குவதில் உள்ள கடினமே அஞ்சத்தக்கது. பருமல் தன் எடையாலேயே விழ வேண்டும். பாதியில் சிக்கிக்கொண்ட பருமல், பாயைக் காற்றில் அரைகுறையாக விரித்து வைத்துவிடும்.

மூன்றாவதாக, பருமல் பாய்மரத்தை ஒட்டி நில்லாமல் விலகி ஆடுவது. இரும்பு வளையம் இதைத் தடுக்கத்தான் உள்ளது; ஆயினும் அது துருப்பிடிக்கும், மரத்தைச் சுரண்டும், சாய்வாக இழுபட்டால் இறுகிக்கொள்ளும்.

3. கயிற்றை மாற்றுதல்

மேம்பாட்டில் முதலில் மாற வேண்டியது கயிறு. வின்ஃபீல்ட், டிக்சன் என்னும் இருவர் 1941இல் இங்கிலாந்தில் பாலியெஸ்டர் இழையைக் கண்டறிந்தபின், போர்க்காலம் கழிந்து, அவ்விழையாலான கயிறு படகுகளுக்கு வந்தது. முன்னரே இழுத்து நீட்சி நீக்கப்பட்ட பாலியெஸ்டர் கயிறு ஒரு சிறு படகுக்குப் போதுமானது. நைலான் கயிறு இங்கு ஆகாது. அதன் மீள்நீட்சி நங்கூரத்துக்கு நன்மை, பாயேற்றுவதற்குத் தீமை. இரண்டும் வெண்மையான செயற்கை இழைகள் என்பதால் கடைகளில் ஒன்றை மற்றொன்றாக எடுத்துவிட இடமுண்டு. கையேட்டில் 'செயற்கைக் கயிறு' என்று பொதுவாக எழுதுவது அதனாலேயே தவறாகிறது.

1990இல் வணிக உற்பத்திக்கு வந்த டைனீமா என்னும் பாலியெத்திலீன் இழை இன்னும் குறைவாகவே நீளுகிறது, எடைக்கு எடை எஃகைவிட வலியது, நீரில் மிதக்கும். ஆயின் அது மிக வழுக்கும். வழக்கமான முடிச்சுகள் அதில் நழுவிவிடக்கூடும். கயிற்றைத் தன்னுள்ளேயே செருகிக் கண் அமைப்பதே உரிய முறை. வலிமையை மட்டும் எண்ணினால் 3 அல்லது 4 மில்லிமீட்டர் தடிமன் போதும். ஆனால் இழுப்பது கை. மெல்லிய கயிறு உள்ளங்கையை அறுக்கும். எனவே 6 மில்லிமீட்டருக்குக் குறையாத கயிறு பரிந்துரைக்கத்தக்கது.

இங்குப் பழைய கையேடுகளை மொழிபெயர்ப்போர் கருத வேண்டிய ஒன்று உண்டு. மழை வந்தால் ஏற்றுகயிற்றைச் சற்றுத் தளர்த்த வேண்டும் என்ற அறிவுரை அவற்றில் காணப்படும். இயற்கை நார்க்கயிறு நனைந்தால் சுருங்கும். இறுகிய கயிறு மரத்தையோ பாயையோ வருத்தும், கட்டும் அவிழாது. பாலியெஸ்டர் கயிற்றுக்கு இவ்வறிவுரை பொருந்தாது. மூலத்தைத் திருத்துவது மொழிபெயர்ப்பாளர் வேலையன்று. அறிவுரை எவ்வகைக் கயிற்றுக்கு உரியது என்பதை ஓர் அடைமொழியால் காட்டுவது அவர் வேலையே.

4. கப்பியும் இழுவிசையும்

உச்சித் துளைக்கு மாற்றாக உருளியுடைய கப்பியை அமைப்பது அடுத்த மாற்றம். கப்பி என்னும் சொல்லுக்குத் தமிழர் அகராதி தேட வேண்டியதில்லை. கிணற்றடியில் அது உண்டு. சில வட்டாரங்களில் கப்பி, சிலவற்றில் இராட்டினம், சிலவற்றில் சகடை. படகு நூலுக்குக் கப்பி என்பதே ஏற்றது. இராட்டினம் நூற்புக் கருவியையும் நினைவூட்டும். முழுக்கருவியைக் கப்பி எனவும், உள்ளே சுழலும் சக்கரத்தை உருளி எனவும் பிரித்து வழங்கினால் ஆங்கிலத்தின் பிளாக், ஷீவ் என்னும் வேறுபாடு கெடாமல் நிற்கும்.

கப்பி கிடைத்தவுடன் பலருக்கும் தோன்றும் எண்ணம், ஏற்றுகயிற்றையே இரட்டித்துப் பளுவைப் பாதியாக்கலாம் என்பது. கயிற்றின் ஒரு முனையைப் பாய்மர உச்சியில் கட்டி, கீழே பருமலில் உள்ள கப்பியினூடே செலுத்தி, மீண்டும் உச்சிக் கப்பிவழி கீழே கொணர்ந்தால் இழுக்கும் விசை பாதியாகும். பாய்மர உச்சிக்கும் நன்மை உண்டு. ஒற்றைக் கயிற்றில் பருமற்பக்கம் ஒரு பளு, இழுக்கும் பக்கம் அதே அளவு ஒரு பளு என உச்சி இரு பளுவைத் தாங்குகிறது. இரட்டித்த அமைப்பில் மூன்று அரைப்பளுக்கள், அதாவது ஒன்றரைப் பளு மட்டுமே.

ஆயினும் இதற்கொரு விலை உண்டு. பருமல் 3 மீட்டர் ஏற 6 மீட்டர் கயிற்றை இழுக்க வேண்டும். இறக்கும்போது அதே 6 மீட்டர் கயிறு கூடுதல் கப்பியினூடே ஓடித் தீர வேண்டும். பருமல் மெல்ல இறங்கும். சிக்குவதற்கும் வாய்ப்பு மிகும். சிறு படகில் பருமலின் எடை ஒரு கையால் தூக்கத்தக்கதே. பளுவாக உணரப்படுவது தூக்குதல் அன்று, தூக்கிய பின் முன்விளிம்பை இறுக்குதல். அவ்வேலையை மேலிருந்து செய்ய வேண்டியதில்லை, கீழிருந்து செய்யலாம்.

இதுவே இம்மேம்பாட்டின் கருப்பகுதி எனலாம். ஏற்றுகயிறு ஒற்றையாகவே இருக்கட்டும்; விரைந்து ஏறட்டும், விரைந்து இறங்கட்டும். பாயின் முன்கீழ்முனையை, அல்லது சமன் லக்காயின் கீழ்மரத்தை, கீழ்நோக்கி இழுக்கும் கயிற்றுக்கு மும்மடங்கோ நான்மடங்கோ விசை தரும் கப்பித்தொகுதி அமைக்கப்பட வேண்டும். ஆஸ்திரேலியப் படகு வடிவமைப்பாளர் மைக்கேல் ஸ்டோரரின் 'கோட் ஐலண்ட் ஸ்கிஃப்' போன்ற படகில், ஏறத்தாழ 105 சதுர அடிப் பரப்புள்ள சமன் லக் பாய் தட்டையாக நிற்பதற்கு இக்கீழிழுப்பே பெரிதும் காரணம். கீழே இறுக்க இறுக்க மேலே ஏற்றுகயிற்றின் சுமையும் கூடும். எனவேதான் நீளாத கயிறு முன்நிபந்தனையாகிறது.

பருமலைப் பாய்மரத்தோடு ஒட்டி நிறுத்த இரும்பு வளையத்துக்குப் பதிலாக ஏற்றுகயிற்றின் முனையையே பயன்படுத்தலாம். முனையைப் பருமலில் கட்டி, பாய்மரத்தைச் சுற்றிக் கொணர்ந்து, பருமலில் தொங்குபுள்ளியில் கட்டியுள்ள வளையத்தினூடே செலுத்திப் பின் மேலே கொண்டுசெல்ல வேண்டும். இழுக்கும்போது சுற்று இறுகிப் பருமலை மரத்தோடு அணைக்கும். விட்டால் தானே நெகிழும். சுற்றில் மரமணிகள் கோத்தால் உராய்வு குறையும். மணி கோவாமல் விட்டவர்கள் பருமல் இறங்கவில்லை என்று குறைகூறுவது உண்டு.

கயிறு பாய்மர அடியில் ஒரு கப்பியால் திருப்பப்பட்டுப் படகோட்டியின் கைக்கெட்டும் தொலைவுக்குக் கொண்டுவரப்படுகிறது. செங்கோணமாகத் திரும்பும் கயிறு அக்கப்பியைத் தன் இழுவிசையைப் போல் 1.4 மடங்கு விசையுடன் இழுக்கும். ஆகவே மெல்லிய பலகையில் திருகாணி கொண்டு பொருத்தினால் அது பிடுங்கிக்கொண்டு வரும். ஊடுருவும் மரையாணி வேண்டும். கப்பி படகின் உடலில் பொருத்தப்படுவதால் விளையும் ஒரு நன்மை: கயிற்றின் இழுப்பு பாய்மரத்தை அதன் குழியினுள் அழுத்தி நிறுத்துகிறது. படகு கவிழ்ந்தாலும் மரம் நழுவி வெளியேறாது. கயிற்றின் வால்முனையில் எட்டு வடிவ முடிச்சு ஒன்று இடப்படும். பருமல் முற்றிலும் இறங்கிய பின்னரே அம்முடிச்சு கப்பியைத் தொடும் அளவுக்குக் கயிறு நீளமாக இருக்க வேண்டும் என்பதை எழுதாமல் விடும் கையேடுகள் குறையுடையன.

5. பெயர்கள்

ஹால்யார்ட் என்னும் சொல்லின் வரலாறு இங்கு நோக்கத்தக்கது. இடைக்கால ஆங்கிலத்தில் அது 'ஹாலியர்', அதாவது 'இழுப்பது'. பின்னர், அது இழுக்கும் மரத்தின் பெயரான யார்ட் என்பதோடு மக்கள் மனத்தில் இணைந்து இறுதிப்பகுதி மாறியது. மக்கட்சொற்பிறப்புக்கு இது நல்ல சான்று. எனவே சொல்லை 'ஹால்', 'யார்ட்' எனப் பிரித்துப் பகுதிக்குப் பகுதி பெயர்ப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. யார்ட் என்பதும் கண்ணியுடைய சொல். அளவையான கெஜமும் இக்குறுக்குமரமும் 'கோல்' என்னும் ஒரே பழஞ்சொல்லின் கிளைகள். முற்றத்தைக் குறிக்கும் யார்ட் வேறொரு சொல். தமிழிலும் கோல் அளவாகவும் தடியாகவும் நின்றமை ஒப்புநோக்கத்தக்கது.

ஷீட் என்பதைத் துணி என்றோ தாள் என்றோ எண்ணுவோர் பலர். பழைய ஆங்கிலத்தில் பாயின் கீழ்முனையைக் குறித்த சொல் அது. பின்பு அம்முனையில் கட்டும் கயிற்றுக்கு ஆனது. இதற்குத் தமிழில் 'தாமான்' என்ற சொல் உண்டு. பாரசீகத்தில் தாமன் என்பது ஆடையின் தொங்கல். ஆங்கிலத்தில் பாயின் முனையும் பாரசீகத்தில் ஆடையின் ஓரமும் ஒரே கயிற்றின் பெயராக வந்து சேர்ந்தது பொருண்மை மாற்றத்தை ஆய்வோர்க்குச் சுவையான இணை. சுக்கான் அரபுமொழி வழியும், நங்கூரம் பாரசீக வழியும் வந்தவை. இந்தியப் பெருங்கடலின் கப்பலோட்டிகள் பல மொழிகளைக் கலந்து பேசிய லஷ்கரி வழக்கின் சொற்களைத் தாமஸ் ரோபக் 1811இல் கல்கத்தாவில் அகராதியாக்கினார். தமிழின் கடற்சொற்களை அவ்வழக்கோடு வைத்துப் பார்க்காமல் தனியே தூய்மை பார்ப்பது பயன்தராது.

பாய்தூக்கும் கயிற்றுக்கு அகராதிகள் தரும் சொல் 'ஆஞ்சான்'. இதை விடுத்து 'ஏற்றுகயிறு' என ஆக்கிக்கொள்வது விளங்குமொழி என்ற வகையில் ஏற்கத்தக்கதே. இக்கட்டுரையும் தொடக்கத்தில் அதையே ஆண்டது. ஆனால் தமிழ்த் தொகைச்சொல்லில் தலைமைச்சொல் இறுதியில் நிற்கும். ஏற்றுகயிறு, இழுகயிறு, கீழிழுகயிறு என ஆக்கினால் மூன்றும் ஒரே ஒலியில் முடியும். படகில் சொல் படிக்கப்படுவதைவிடக் கூவப்படுவதே மிகுதி. காற்றில் முன்பகுதி அடிபட்டு இறுதி மட்டும் காதில் விழுந்தால் மூன்றும் ஒன்றே. ஆங்கிலத்தின் மூன்று சொற்களும் ஒலியால் விலகி நிற்பதை ஒப்பிடுக. எனவே ஆஞ்சான், தாமான் ஆகியவற்றை அப்படியே ஆண்டு, தமிழில் தனிச்சொல் வழங்காத டவுன்ஹாலுக்கு மட்டும் 'கீழிழுகயிறு' என்ற ஆக்கத்தைக் கொள்வது தக்கது. மூன்றில் ஒன்றே 'கயிறு' என முடிவதால் அம்முடிவே அதற்கு அடையாளமாகும். ஆஞ்சான், தாமான் இரண்டும் '-ஆன்' என ஒத்து முடிவது ஒரு குறைதான். முதலசையின் வேறுபாடு ஓரளவு ஈடுசெய்கிறது.

6. வினைகளும் வரிசையும்

பெயர்களைவிட வினைகளில் இடர் மிகுதி. ஆங்கிலக் கையேடு 'ஈஸ்' என்பதையும் 'லெட் கோ' என்பதையும் கண்டிப்பாக வேறுபடுத்தும். முதலாவது கையில் பிடித்தபடியே சிறிது சிறிதாகத் தளர்த்துவது. இரண்டாவது முற்றிலும் கைவிடுவது. இரண்டையும் 'தளர்த்துக' என்று எழுதினால் வேறுபாடு மறையும். தமிழின் துணைவினைகள் இங்குக் கைகொடுக்கின்றன. 'தளர்த்திக்கொடு' என்பதில் பிடி தொடர்கிறது; 'விட்டுவிடு' என்பதில் துணைவினையாகிய 'விடு' செயலின் முற்றுத்தன்மையைத் தெளிவாகக் குறிக்கிறது. 'மேக் ஃபாஸ்ட்' என்பதற்கு விரைவோடு தொடர்பில்லை. அது 'இறுக்கிக் கட்டு'. கொம்புக்கட்டையில் கட்டும்போது இறுதிச் சுற்றைப் பூட்டலாமா என்பதில் பழைய நார்க்கயிற்றுக் காலத்தினர் மறுப்பர். வழுக்கும் கயிறுடைய இன்றையோருள் ஆஞ்சானை அவ்வாறு பூட்டுவோர் உண்டு. தாமானைப் பூட்டலாகாது என்பதில் இருசாராரும் ஒருமித்தவர்.

அடுத்தது வாக்கிய அமைப்பு. ஆங்கிலத்தில், ஷீட்டை விடுவது முதலிலும், 'பருமலை இறக்குவதற்கு முன்' என்னும் துணைவாக்கியம் பின்னரும் வரும். சொல்லின் வரிசையும் செயலின் வரிசையும் ஒன்றே. அதனை இலக்கணம் வழுவாமல் தமிழாக்கினால் 'பருமலை இறக்குமுன் தாமானை விட்டுவிடுக' என்றாகும். வாக்கியம் பிழையற்றது, வரிசை தலைகீழ். படித்துக்கொண்டே செய்பவர், அல்லது பிறர் படிக்கக் கேட்டுச் செய்பவர், 'பருமலை இறக்கு' என்பதைக் கேட்டவுடன் கை ஆஞ்சானுக்குப் போகும். தாமான் கட்டியபடியே பருமலை இறக்கினால் பாய் காற்றுக்கப்பால் நீரில் விழுந்து பையாகி நீரை வாங்கும். படகு அப்பக்கம் சாயும்.

இங்கு வினையெச்சத் தொடர் தமிழுக்கு வாய்த்த வசதி. 'தாமானை விட்டுவிட்டு, ஆஞ்சானைத் தளர்த்திக்கொடுத்துப் பருமலை இறக்குக' என்னும்போது செயல்கள் நிகழும் வரிசையிலேயே சொற்களும் நிற்கின்றன. பாயேற்றும் முறைக்கும் இது பொருந்தும்: 'தாமானும் கீழிழுகயிறும் தளர்ந்திருக்க, ஆஞ்சானை இழுத்துப் பருமலை உச்சிவரை ஏற்றி, ஆஞ்சானை இறுக்கிக் கட்டி, கீழிழுகயிற்றைச் சுருக்கம் மறையும்வரை இழுத்துக் கட்டுக.' கட்டிய பின் மிஞ்சும் ஆஞ்சான் கயிறு சுருளாக மடிக்கப்பட்டு, இறங்கும்போது சிக்காமல் ஓடும்படி, கட்டிய முனைப்பக்கம் மேலும் வால்முனைப்பக்கம் அடியிலும் இருக்குமாறு வைக்கப்படும்.